இடைக்கால, மறுமலர்ச்சிக் காலச் சுவடிகள்: நூலகத் தளங்களோடு சில வருட அனுபவம்

ஐரோப்பிய நூலகங்கள் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் தளங்களை வைத்துத்தான் சில வருடங்களாக மறுமலர்ச்சிக் கால இலக்கியம் படித்து வருகிறேன். புதிதாக வருபவர்களுக்கு என் முதல் யோசனை: சுவடி எண்ணோடு, அதாவது நூலகம் ஒவ்வொரு சுவடிக்கும் கொடுத்திருக்கும் அடையாள எண்ணோடு போங்கள். வத்திக்கான் நூலகத்தின் டிஜிவாட்லிப் (DigiVatLib) தளத்தில் வெறுமனே கவிஞர் பெயரைப் போட்டுத் தேடினால், எதை முதலில் திறப்பது என்றே புரியாது. 'வாட். லாட். 3196' (Vat. lat. 3196, வத்திக்கானின் லத்தீன் சுவடித் தொகுப்பு) என்று போட்டால் இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்காவின் வரைவுத் தாள்கள் நேராக முன்னால் வந்து நிற்கும். இந்த எண்கள் ஆய்வுக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளிலும் பதிப்பு முன்னுரைகளிலும் தாராளமாகக் கிடைக்கின்றன.

அந்த வரைவுகளை ஒரு தடவையாவது பாருங்கள். 1374-இல் இறந்த கவிஞர் தன் கையாலேயே அடித்து, திருத்தி, ஓரத்தில் லத்தீனில் தேதியும் வேளையும் குறித்து வைத்திருக்கிறார். ஒரு வரியை மாற்றிவிட்டு 'ஹோக் பிளாசெட்', அதாவது 'இது பிடித்திருக்கிறது' என்று தனக்குத்தானே எழுதிக்கொள்கிறார். வேறிடத்தில் படியெடுத்து முடித்த கவிதைகளைக் கோடு போட்டு அடித்திருக்கிறார். அப்புறம் 'வாட். லாட். 3195'-ஐத் திறந்தால் அதே கவிதைகள் தோல்தாளில் சுத்தப் பிரதியாக இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கிடைப்பது எந்த அச்சுப் பதிப்பிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

எண்ணிலேயே வரலாறும் இருக்கிறது. 'பால். லாட்.' (Pal. lat.) என்று தொடங்கினால் அது ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகர நூலகத்தின் பழைய சொத்து. முப்பதாண்டுப் போரில் 1622-இல் நகரம் வீழ்ந்த பிறகு ரோமுக்குப் போனது. ஜெர்மன் மொழிச் சுவடிகள் 1816-இல் திரும்பின. லத்தீன் சுவடிகள் பெரும்பாலும் வத்திக்கானிலேயே தங்கிவிட்டன. இன்று அவற்றின் படங்களை ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத் தளத்திலேயே பார்க்கலாம். டிஜிவாட்லிப்பில் சில சுவடிகள் பழைய மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களாக மட்டுமே இருக்கின்றன. எழுத்தைப் படிக்க அது போதும், மையின் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

படிப்பதற்குப் பழக்கம் வேண்டும். லத்தீன் எழுத்தர்கள் சொற்களைச் சுருக்கித் தள்ளுவார்கள். 'பி' (p) எழுத்தின் காலில் குறுக்குக் கோடு இருந்தால் 'பெர்' (per). தலைக்கு மேல் கோடு இருந்தால் 'பிரே' (pre). 1899-இல் வெளிவந்த கப்பெல்லியின் சுருக்க அகராதிதான் இன்றும் என் மேசையில் இருக்கிறது. அதுவும் இணையத்தில் இலவசம்.

ஆங்கில அச்சு நூல்கள் வேண்டுமென்றால் ஈபோ-டிசிபி (EEBO-TCP). 1473 முதல் 1700 வரையிலான நூல்களை ஆட்களை வைத்துத் தட்டச்சு செய்த தொகுப்பு. முதல் பகுதி 2015-இலும் அடுத்தது 2020-இலும் பொதுவுக்கு வந்தன. எழுத்துக்கூட்டலில் மட்டும் கவனம். 'லவ்' (love) என்ற சொல்லை 'வி' (v) போட்டும் தேடுங்கள், 'யு' (u) போட்டும் தேடுங்கள். அந்தக் கால அச்சகங்கள் சொல்லின் நடுவே பெரும்பாலும் 'யு'தான் கோத்தன.

தேவையான பக்கங்களை உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது அதன் சுவடிப் படங்கள் மாதக்கணக்கில் யாருக்கும் கிடைக்கவில்லை. கோப்பின் பெயராகவே நூலகம், சுவடி எண், ஏட்டு எண், முன்பக்கமா பின்பக்கமா என்று நான்கையும் போட்டுவிடுங்கள். பின்னால் நூலகருக்கு ஏதாவது கேட்டு எழுத நேர்ந்தால் அந்தப் பெயரை அப்படியே மின்னஞ்சலில் ஒட்டினால் போதும்.