எஃப்28335 சிப்பின் பாஸ்வேர்ட் பூட்டு: பலம் சரி, விதிகள்தான் கறார்

மோட்டார் டிரைவ், இன்வெர்ட்டர் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எஃப்28335 மைக்ரோகன்ட்ரோலர் சிப்பை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 150 மெகாஹெர்ட்ஸ், ஃபுளோட்டிங் பாயிண்ட் பற்றியெல்லாம் நிறைய எழுதிவிட்டார்கள். நான் பேசப்போவது அதற்குள் இருக்கும், நம் கோடை மற்றவர்கள் படித்துவிடாமல் பூட்டும் சிஎஸ்எம் என்ற கோட் செக்யூரிட்டி மாட்யூலைப் பற்றி மட்டும். பூட்டு பலமானது, ஆனால் கையேட்டைப் படிக்காமல் கை வைத்தால் திருடனுக்கு முன்னால் நாம்தான் வெளியே நிற்போம்.

வேலை செய்யும் விதம் எளிது. 16 பிட் வேர்ட் எட்டு, ஆக 128 பிட் பாஸ்வேர்ட், கோட் குடியிருக்கும் ஃபிளாஷ் மெமரியின் கடைசி எட்டு இடத்தில் இருக்கும். அந்த எட்டையும் ஒரு தடவை சும்மா படித்துவிட்டு, அதே மதிப்புகளை கீ ரெஜிஸ்டர்களில் எழுதினால் திறக்கும். புது சிப்பில் அங்கே எல்லா பிட்டும் ஒன்று, அதனால் சும்மா படித்தாலே திறந்துவிடும். ஃபிளாஷ், ஓடிபி (ஒரே ஒரு தடவை மட்டும் எழுதக்கூடிய மெமரி), எல்0 முதல் எல்3 வரையிலான ரேம் எல்லாம் இதற்குள் அடக்கம். 128 பிட்டை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க யாருக்கும் ஆயுசு போதாது.

வில்லங்கம் பூஜ்யத்தில் இருக்கிறது. அந்த எட்டு இடமும் பூஜ்யமாக இருக்கும்போது சிப் ரீசெட் ஆனால் அப்புறம் எந்தப் பாஸ்வேர்டுக்கும் திறக்காது. யார் போய் எல்லாம் பூஜ்யம் என்று பாஸ்வேர்ட் வைக்கப்போகிறார்கள் என்று தோன்றும், யாரும் வைக்கவே வேண்டாம். இந்த ஃபிளாஷில் ஒரு செக்டரை, அதாவது ஏ முதல் எச் வரை பிரித்த பகுதிகளில் ஒன்றை, அழிக்கும்போது முதலில் எல்லா பிட்டையும் பூஜ்யமாக்கிவிட்டு அப்புறம்தான் ஒன்றாக்குவார்கள், பாஸ்வேர்ட் இருப்பதோ செக்டர் ஏ-யில், அது பூஜ்யமாகி நிற்கும் அந்த நேரம் பார்த்து கரண்ட் போனாலோ யாராவது ரீசெட்டைத் தட்டினாலோ கதை முடிந்தது. ஹாட் ஏர் எடுத்து சிப்பின் 176 காலையும் போர்டிலிருந்து கழற்ற வேண்டியதுதான். எச்சரிக்கை கையேட்டிலேயே இருக்கிறது, மறுக்கவில்லை, இருந்தாலும் பாதியில் நின்ற ஒரு அழிப்புக்கு இது அதிகப்படியான தண்டனை. புது கோடை வாங்கி எழுதும் சின்ன புரோகிராமான பூட்லோடரை ஏ-யில் வைத்து, அப்ளிகேஷனை பி முதல் எச் வரை போட்டு, ஃபீல்டில் அப்டேட் செய்யும்போது ஏ-யைத் தொடாமல் விடுவதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொரு விதியை நிறைய பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாஸ்வேர்ட் போட்டால், அதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் 118 வேர்டையும் பூஜ்யத்தால் நிரப்ப வேண்டும், கோடோ டேட்டாவோ அங்கே இருக்கக் கூடாது. டெக்சாஸ் தரும் மாதிரி அசெம்பிளி ஃபைலும், எது மெமரியில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் லிங்கர் ஃபைலும் இதைப் பார்த்துக்கொள்ளும். சொந்தமாக லிங்கர் ஃபைல் எழுதி பாஸ்வேர்ட் இடத்தை ஒதுக்காமல் விட்டால், ஏதோ ஒரு சைன் டேபிளின் கடைசி எட்டு எண்கள் போய் அங்கே உட்கார்ந்து, நீங்கள் வைக்காத ஒரு பாஸ்வேர்ட் உருவாகிவிடும். அப்படி ஆனால் கம்பைல் செய்து கிடைத்த அவுட் ஃபைலைத் திறந்து அந்த எட்டு வேர்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

அதே காரணத்தால் புரோகிராம் செய்ய வெளியே கொடுக்கும் ஹெக்ஸ் ஃபைலில் கோடும் பாஸ்வேர்டும் அப்பட்டமாக இருக்கும். இதை மறந்துவிட்டு ஹெக்ஸ் ஃபைலை மெயிலில் சுற்றவிட்டு, சிப்பை மட்டும் பூட்டி என்ன பயன்?

போட்டி மைக்ரோகன்ட்ரோலரான எஸ்டிஎம்32-இன் பெரும்பாலான வரிசைகளில் இந்தப் பாஸ்வேர்ட் சமாச்சாரம் கிடையாது, படிப்பதைத் தடுக்கும் பூட்டை லெவல் 1-இலிருந்து 0-க்கு இறக்கினால் ஃபிளாஷ் மொத்தமும் அழிந்து சிப் மட்டும் பிழைக்கும். இங்கே பாஸ்வேர்ட் தெரியாவிட்டால் அழிக்கக்கூட முடியாது. திருடனுக்கு எதிராக நல்லதுதான், ஆனால் பாஸ்வேர்டைத் தெரிந்துவைத்திருந்த ஒரே ஆள் வேலையை விட்டுப் போய்விட்டால்? இவ்வளவுக்கும் இதை உடைக்கவே முடியாது என்று டெக்சாஸ் உத்தரவாதம் தருவதில்லை, கையேட்டிலேயே அப்படி எழுதி ஒதுங்கிக்கொள்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் போர்டுக்கு இதை தாராளமாக நம்பலாம், ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். டெவலப்மென்ட் முடியும்வரை பாஸ்வேர்ட் பிட் எல்லாவற்றையும் 1 என்றே விட்டுவையுங்கள், ரிலீஸுக்கு ஒரு அவுட் ஃபைலை இரண்டு பேரிடம் பத்திரப்படுத்துங்கள். புது டிசைன் என்றால் எஃப்2837எக்ஸ் வரிசையைப் பாருங்கள், அதில் தனித்தனிப் பாஸ்வேர்டோடு இரண்டு ஸோன், பாஸ்வேர்டும் ஓடிபிக்குப் போய்விட்டதால் ஃபிளாஷை அழிக்கும்போது இந்தப் பயம் இல்லை.