17 இன்ச் சக்கரத்தில் மூன்று வருடம்: கார்ட் டிராக், அஞ்செட்டி ரோடு, கொஞ்சம் ஐஸ்

"ஏன் தம்பி, நல்லா இருக்கிற சக்கரத்தக் கழட்டிட்டு குட்டிச் சக்கரம் போடுற? இதுக்கு ரோட்டு வண்டியே வாங்கியிருக்கலாம்ல?"

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வீல் பெண்டு எடுக்கும் பெரியவர் கேட்ட கேள்வி இது. அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, சிரித்து மழுப்பினேன். மூன்று வருடமும் 31,000 கிலோமீட்டரும் ஓடிவிட்டன. இப்போது பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதில்.

வண்டி ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக், 2020 பிஎஸ்6 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனியிலிருந்து முன்னால் 21 இன்ச், பின்னால் 18 இன்ச் சக்கரத்தோடு வரும். அதைக் கழற்றி, பழைய ஹப்பிலேயே இரண்டு பக்கமும் 17 இன்ச் ரிம் கட்டி, ரோட்டு டயர் மாட்டினேன். மண்ணுக்குச் செய்த வண்டியின் உயரமான சஸ்பென்ஷனும் அகல ஹேண்டில்பாரும் அப்படியே இருக்க, சக்கரம் மட்டும் தாருக்கு மாறினால் அதுதான் சூப்பர்மோட்டோ.

இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு டிவி நிகழ்ச்சிக்காக. 1979இல் அமெரிக்காவில் ஃப்ளாட் டிராக் (மண் வட்டப் பாதை), மோட்டோகிராஸ் (மேடுபள்ள மண் பாதை), ரோடு ரேஸ் ஆட்கள் எல்லாரையும் கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாடில் ஒரே களத்தில் இறக்கி, யார் பெரிய கில்லாடி என்று பார்த்தார்கள். பாதை பாதி தார், பாதி மண். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற வண்டியைத் தேடியதில் இந்தக் கலப்படம் வந்தது. பிறகு அங்கே அது மங்கிப்போக, பிரான்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டு வளர்த்தார்கள். 2002இலிருந்து உலக சாம்பியன்ஷிப் நடக்கிறது. நம் ஊரில் பெயர் தெரிந்தவர்களே குறைவு, வண்டியைப் பார்த்தவர்கள் பாதிப் பேர் "முன் சக்கரம் மாத்திப் போட்டுட்டாங்களா?" என்றுதான் கேட்கிறார்கள்.

சக்கரம் மாற்றினால் என்னென்ன மாறும் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் இங்கே கொஞ்சம் விவரமாக. முன்னால் 90/90-21 இருந்த இடத்தில் 110/70-17, பின்னால் 120/80-18 இருந்த இடத்தில் 130/70-17. கணக்குப் போட்டால் முன்பக்கம் ஐந்தரை சென்டிமீட்டர் கிட்ட இறங்குகிறது, பின்பக்கம் இரண்டுகூட இல்லை. அதாவது வண்டி மூக்கைத் தாழ்த்தி நிற்கும். ஹேண்டில் சட்டென்று திரும்பும். முதல் வாரம் ஒவ்வொரு வளைவிலும் தேவைக்கு மேல் உள்ளே விழுந்தேன். பின் டயர் சுற்றளவு குறைந்ததால் கியர் சுருங்கி, பிக்கப் கூடியது. மீட்டர் கூசாமல் பொய் சொல்லும்: ஃபோனில் 60 என்றால் அங்கே 70. சைடு ஸ்டாண்ட் திடீரென்று நீளமாகிவிட்டது. வண்டி நட்டக்குத்தலாக நின்று, பர்கூரில் ஒரு டீக்கடை வாசலில் காற்றுக்கே சாய்ந்தது. வெல்டிங் பட்டறையில் கொடுத்து மூன்று சென்டிமீட்டர் வெட்டி ஒட்டினேன்.

ரிம், ஸ்போக், டயர், டியூப், கூலி எல்லாம் சேர்த்து 27,000 ரூபாய் ஆனது. ஒரே லாபம், பஞ்சர். 21 இன்ச் டியூபுக்காக ஒருமுறை ஊத்தங்கரையில் நான்கு கடை ஏறி இறங்கியிருக்கிறேன். 17 இன்ச் டியூப் எந்தக் கடையிலும் ஆணியில் தொங்குகிறது.

வீடு கிருஷ்ணகிரியில், வேலை ஓசூரில். ஹைவேயில் இந்த வண்டி தண்டனை. பலகை மாதிரி சீட், நெஞ்சில் அறையும் காற்று, 85 தாண்டினால் கால் வைக்கிற இடமெல்லாம் அதிர்வு. அதனால் அவசரமில்லாத நாட்களில் ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாகப் போகிறேன். நேரம் கூடத்தான் ஆகும். ஆனால் சூப்பர்மோட்டோவுக்கென்றே போட்ட ரோடு மாதிரி இருக்கும்: சின்னச் சின்ன வளைவு, ஊருக்கு நாலு வேகத்தடை, நடுவில் குழி. மற்ற வண்டிக்காரர்கள் பிரேக் பிடிக்கிற இடத்தில் நான் எழுந்து நின்று விட்டுவிடுவேன். ரோட்டு வண்டியே வாங்கியிருக்கலாமே என்ற கேள்விக்கு முதல் பதில் இதுதான். நல்ல ரோட்டில் ரோட்டு வண்டி ஜெயிக்கும், நம் ரோட்டில் இது ஜெயிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி. காடு வழியாக இறங்கும் அந்த ரோட்டில் வண்டியைச் சாய்த்து, உடம்பை நிமிர்த்தி, உள்பக்கக் காலை நீட்டிக்கொண்டு திரும்புவதில் ஒரு சுகம் இருக்கிறது. ரேஸ் வண்டிக்காரர்கள் உடம்பை உள்ளே தொங்கவிடுவார்கள். இங்கே தலைகீழ்: வண்டியை உங்களுக்கு அடியில் தள்ளிச் சாய்க்க வேண்டும், நீங்கள் மேலே நேராக உட்கார்ந்திருப்பீர்கள். சக்கரம் வழுக்கினால் உடம்பு ஏற்கெனவே வண்டிக்கு மேலே இருப்பதால் சமாளிக்க நேரம் கிடைக்கும். ராகி விளைகிற மாதங்களில் யானை நடமாட்டம் அதிகம், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நான் அந்தப் பக்கம் போவதில்லை. சைலன்சரை மாற்றாததற்கும் அதுவே காரணம். கத்துகிற பைப் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

குவாரிப் பக்கம் டிப்பர் சிந்திவிட்டுப் போகும் எம்-சாண்ட் வளைவின் ஓரத்தில் ஒரு விரல் கனத்துக்குக் கிடக்கும். மேல்நிறம் பார்த்து ரோட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டதே அதனால்தான். கறுப்பு என்றால் தார், வெளுப்பு என்றால் தூள், பளபளப்பு என்றால் டீசல்.

டிராக்குக்கு வருகிறேன். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு ஒருமுறை போனேன். 3.7 கிலோமீட்டர், நீள நேர்பாதை. 18 குதிரைசக்தி வண்டியை முறுக்கிப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் கடந்து போவதை வேடிக்கை பார்த்தேன். காசுக்குக் கேடு. இதற்கு ஏற்றது கார்ட் டிராக், கார்ட் என்ற குட்டி ரேஸ் கார்கள் ஓடுகிற சின்னப் பாதை. பெங்களூரு பக்கம் ஒன்றில், கார்ட் ஓடாத காலை நேரத்தில் பைக்குக்கு விடுகிறார்கள். மூன்றாவது கியரைத் தாண்டவே வேலை இல்லை, வேகம் 70க்குள், விழுந்தாலும் முழங்கை சிராய்ப்போடு போகும்.

அங்கே கற்றதுதான் 'பேக்கிங் இன்'. வளைவுக்கு முன் முன்பிரேக்கைப் பிடித்து எடையை முன்னால் தள்ள வேண்டும். அப்போது பின்சக்கரம் லேசாகிப்போகும்; கியரைக் குறைத்துப் பின்பிரேக்கையும் தொட்டால், அது பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே வளைவுக்குள் நுழையும். எக்ஸ்பல்ஸில் பின்பிரேக்குக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டாமல் தடுப்பது) இல்லாதது இதற்கு வசதி. கியர் குறைக்கும்போது தானே கொஞ்சம் நழுவிக்கொடுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் இல்லாதது தொல்லை. கிளட்சை விரலால் அளந்து விட வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் தடதடவென்று குதிக்கும். எனக்கு இது பிடிபட எட்டு மாதம் ஆனது. பிடிபட்ட காலையில் ஒரு சுற்றுக்கான நேரம் குறைந்ததா என்று பார்த்தால் ஒரு விநாடி கூடியிருந்தது! வழுக்குவது வேகமாகப் போவதற்கு அல்ல போல. பரவாயில்லை, அந்த ஒரு விநாடிக்காகவே நான் போகிறேன்.

ஐஸ் எப்படி வந்தது என்றால், வேலையால் வந்தது. பிரேக் சம்பந்தப்பட்ட வேலை. 2024 பிப்ரவரியில் குளிர்காலச் சோதனைக்காக மூன்று வாரம் ஸ்வீடனின் வடக்கே ஆர்யெப்லோக் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். உலகத்து வண்டிக் கம்பெனிகள் பலவும் அங்கே உறைந்த ஏரி மேல்தான் பிரேக்கைச் சோதிக்கின்றன. காய்ந்த தாரில் உராய்வு 0.8 வரும் இடத்தில், வழவழப்பான ஐஸில் 0.1 வந்தால் பெரிது. ஹோர்னாவான் என்ற ஏரி அங்கே இருக்கிறது, ஸ்வீடனிலேயே ஆழமானது, 200 மீட்டருக்கு மேல். அதன் மேல் லாரி போகிறது. எங்கள் ஊர் கேஆர்பி அணையில் கால் நனைத்து வளர்ந்தவனுக்கு முதல் நாள் அடிவயிறு கலங்கியது.

அங்கே சந்தித்த உள்ளூர்க்காரர் ஒருவர் தன் 450 சிசி வண்டியை ஒரு ஞாயிறு எனக்குக் கொடுத்தார். டயர் முழுக்க ஆணி, நூற்றுக்கணக்கில். இரண்டு சக்கரத்துக்கும் மேலே தகடு மூடி, ஏனென்றால் அந்த ஆணி சுற்றும்போது கால் பட்டால் அவ்வளவுதான். மணிக்கட்டில் ஒரு கயிறு. விழுந்தால் கயிறு பிடுங்கி இன்ஜின் நின்றுவிடும். மைனஸ் 18 டிகிரி. மூச்சு ஹெல்மெட் கண்ணாடியில் உறைந்தது.

நான் எதிர்பார்த்தது வழுக்கலை. ஆனால் ஆணி டயர் ஐஸைக் கவ்விக்கொண்டு பாய்ந்தது. வழுக்கினாலும் மெதுவாக, சொல்லிவிட்டு வழுக்கியது. டிராக்கில் கண் இமைக்கிற நேரத்தில் நடப்பது அங்கே நிதானமாக நடக்கும்; த்ராட்டிலைக் கூட்டினால் வால் விரியும், குறைத்தால் சுருங்கும். எட்டு மாதத்தில் கற்றது அரை மணி நேரத்தில் உடம்புக்குப் புரிந்தது. மூன்று தரம் விழுந்தேன். விழுந்தால் சிராய்ப்பதில்லை, நாமும் வண்டியும் தனித்தனியாக இருபது மீட்டர் போய் நிற்கிறோம். அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பி வந்து கொஞ்சம் மிதப்பில் இருந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அடுத்த ஜனவரியில் ராயக்கோட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவு திரும்பினால், ரோடு முழுக்கக் கொள்ளுச் செடி. அறுத்த செடியைத் தார்ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டி ஏறி மிதித்துக் கொடுக்கும், எங்கள் பக்கம் தை மாதத்தில் வழக்கம். 45இல் வந்துகொண்டிருந்தேன். மேலே காய்ந்த கொடி, அடியில் உருளுகிற மணி. பால்ரஸ் கொட்டின தரை மாதிரி. ஐஸில் முன்சக்கரம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனது, இது எதுவும் சொல்லவில்லை. ஹேண்டில் கையில் இருந்தது, சக்கரம் இல்லை.

முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்த ஒரு கிராமத்து அம்மா, "ஐயோ சாமி, பாத்து வரக்கூடாதா?" என்று தூக்கிவிட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். முழங்காலைத் தடவிப் பார்த்து ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், நான் விழுந்து வாரிக்கொண்டு போன கொள்ளுமணிகளைக் காட்டிப் புலம்ப ஆரம்பித்தார். பிரேக் லீவர் உடைந்தது, ஹேண்டில் வளைந்தது. உட்கார்ந்து கொள்ளுமணிகளைக் கூட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். இப்போது ஜனவரி, பிப்ரவரியில் கிராமத்து வளைவு எதிலும் 25க்கு மேல் போவதில்லை.

செலவுக் கணக்கு சுருக்கமாக: பின் டயர் 9,000 கிலோமீட்டருக்கு ஒன்று, டிராக் போகாவிட்டால் இன்னும் வரும். மைலேஜ் 40லிருந்து 37. ஃபோர்க் ஆயில் சீல் ஒருமுறை. இன்ஜினில் இதுவரை கை வைக்கவில்லை.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதை அனுமதிப்பதில்லை. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இன்சூரன்ஸ் கேட்கப் போனால் சிக்கல் வரலாம். முன் ஏபிஎஸ்ஸும் 21 இன்ச்சுக்கு அளந்து வைத்தது. நான் அந்த வேலையில் இருப்பதால் அந்த உறுத்தல் எனக்குக் கூடுதல். டிராக்குக்கு மட்டும் வைத்திருந்தால் நிம்மதி. நான் அப்படி இல்லை, ஆனால் என்னைப் பார்த்து யாரும் மாற்ற வேண்டாம். பழைய சக்கரங்களை விற்காமல் வைத்திருக்கிறேன். மாட்டுக்கொட்டகைச் சுவரில் தொங்குகின்றன, 21 இன்ச் ஸ்போக்கில் அம்மா விதைக்கு எடுத்த சோளக்கதிரைக் கட்டி வைத்திருக்கிறார்.

போன வாரம் பழையபேட்டைப் பெரியவரிடம் சக்கரத்தைக் காட்டப் போனேன். ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்காகத் தட்டிக்கொண்டே வந்தார். டிங், டிங், டிங், டொக். "இது லூசு," என்று அரைச் சுற்று முறுக்கினார். திரும்பத் தட்டினார், டிங். அவர் கேட்ட கேள்வியை அவர் எப்போதோ மறந்துவிட்டார்.