எல்சிஆர்-டி4: வீங்கிய கெப்பாசிட்டரும் எட்டாத காலும்

கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் மாதிரி மின்னணுப் பாகங்களைச் சாக்கெட்டில் செருகி அளக்கிற இந்தச் சின்ன எல்சிஆர்-டி4 டெஸ்டரை நான் வாங்கிய விலையில் இப்போது இரண்டு வாங்கலாம். விலை இறங்கியதிலிருந்து எங்கள் பேராக் பக்கம் ஊத்தான் மெலிந்தாங்கிலும் தெலுக் இந்தானிலும் பழைய கம்ப்யூட்டர் நோண்டுகிற ஆட்கள் எல்லாரும் என்னிடம்தான் கேட்கிறார்கள், வாங்கலாமா வேண்டாமா என்று. ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் நோட் போட்டு அலுத்துவிட்டது, மொத்தமாக எழுதிவிடுகிறேன். கருவி என்ன, எதையெல்லாம் அளக்கும் என்பது தெரிந்தவர்களுக்குத்தான் இது. மதர்போர்டில் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்குகிற கெப்பாசிட்டரைச் சோதிக்க இதை வைத்து வருஷக்கணக்காக மாரடித்த அனுபவம் மட்டும்தான் இங்கே இருக்கிறது.

இந்தக் காலத்தில் 2003, 2004 மாடல் போர்டை யார் வைத்திருக்கிறார்கள் என்று கோலாலம்பூர்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் பக்கம் செம்பனை மில்லின் எடைமேடை ஆபிஸுக்குள் வந்து பார்த்தால் தெரியும். லோரி மேடையில் ஏறியதும் எடையைக் காட்டும் பெட்டி சீரியல் போர்ட் வழியாகத்தான் பேசும். எடை போடும் புரோகிராம் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும் ஓடும். அதற்கான டாங்கிள், அதாவது புரோகிராமை ஓடவிடுகிற சாவி, பிரிண்டர் போர்ட்டில் செருகியிருக்கும், அதன் பின்னால் மூன்று தாள் ரசீது அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ். பெரும்பாலான புதுக் கம்ப்யூட்டரில் இந்த இரண்டு போர்ட்டும் கிடையாது. யுஎஸ்பி அடாப்டர் போட்டால் டாங்கிள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. புரோகிராம் எழுதியவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆக, அந்தப் போர்டு நின்றால் லோரியும் நிற்கும். வெட்டிய குலை காத்துக் கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், மேனேஜர் குரலும் ஏறும்.

எங்கள் ஊரில் எந்தப் பெட்டி செத்தாலும் முதல் குற்றவாளி இடிதான். "அண்ணே, நேத்து இடி இறங்கிருச்சு" என்றுதான் ஆபிஸ் கிளார்க்கான கிராணி போனையே ஆரம்பிப்பார். இடி அடித்த போர்டு நிறையப் பார்த்திருக்கிறேன். அது பெரும்பாலும் டெலிபோன் லைன், நெட்வொர்க் வயர் வழியாக வந்து அந்தப் பக்கத்துச் சிப்பைப் பொசுக்கிவிட்டுப் போகும். நேற்று இரவு நன்றாக இருந்தது, இன்று பிணம். கெப்பாசிட்டர் அப்படிச் சாகாது, மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கும். காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் மட்டும் சுற்றி நிற்கும். நாலு தடவை அமுக்கினால் எழும்பும். எழும்பிவிட்டால் சாயங்காலம் வரை ஒழுங்காக ஓடும். அப்புறம் நடுவில் நீலத் திரை, காரணமில்லாத ரீஸ்டார்ட். இதையெல்லாம் கேட்டால் நான் இடியை விடுதலை செய்துவிடுவேன்.

காலையில் மட்டும் ஏன் அடம் பிடிக்கிறது என்றால், உள்ளே இருக்கிற எலக்ட்ரோலைட் திரவம் குளிர்ந்திருக்கும்போது கெட்டுப்போன கெப்பாசிட்டரின் உள்தடை, அதாவது ஈ.எஸ்.ஆர்., இன்னும் ஏறும். சூடானால் இறங்கும். ஞாயிறு முழுக்க அணைத்து வைத்து, திங்கள் காலை ஏர்கோனையும் போட்டுவிட்டுப் பட்டனை அழுத்தினால் எழும்பாதது அதனால்தான். சந்தேகமாக இருந்தால் ஹேர் டிரையரை எடுத்து சிபியு பக்கத்து வரிசைக்கு இரண்டு நிமிஷம் சூடு காட்டுங்கள். உடனே எழும்பினால் பாதி விசாரணை முடிந்தது. இதற்கு டெஸ்டரே தேவையில்லை, இனாம்.

கண்ணால் பார்ப்பதும் இனாம்தான். கெப்பாசிட்டரின் தலையில் கே, எக்ஸ், டி மாதிரி ஒரு கீறல் இருக்கும். உள்ளே வாயு சேர்ந்தால் வெடிக்காமல் அந்த இடத்தில் பிளந்து வெளியேறட்டும் என்று போட்டது. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் தலை தட்டையா, லேசாக உப்பியிருக்கிறதா என்று நிழலே சொல்லிவிடும். தலை தட்டையாக இருந்து, ஆள் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அடியில் இருக்கிற ரப்பர் தள்ளிக்கொண்டு வந்திருக்கும். காலடியில் பழுப்பாகக் காய்ந்திருப்பதெல்லாம் கசிவு என்று நினைக்காதீர்கள், ஃபேக்டரியில் ஆடாமல் இருக்கப் போட்ட பசையும் அதே நிறம்தான்.

அந்தக் காலத்துப் போர்டுகள் இப்படிக் கூட்டமாகச் செத்ததற்குப் பின்னால் பெரிய கதை உண்டு. 1990களின் கடைசியில் தொடங்கி 2000களின் நடுப்பகுதி வரை, நீர் அதிகம் சேர்த்த எலக்ட்ரோலைட் போட்ட மலிவுக் கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் போயின. நீர் அலுமினியத்தை அரிக்காமல் தடுக்கும் சேர்மானம் சரியில்லாததால் உள்ளே ஹைட்ரஜன் உண்டாகி வீங்கின. ஃபார்முலாவைத் திருடியவர்கள் அரைகுறையாகத் திருடினார்கள் என்ற கதை அப்போதே பத்திரிகைகளில் வந்தது. பழியெல்லாம் மலிவுச் சரக்கின் மேல் போட முடியாது, பேர்போன ஜப்பானிய வரிசைகள் சிலவும் அதே காலத்தில் வீங்கின. 2005இல் டெல் நிறுவனம் இதற்காக 30 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்க வேண்டிவந்தது. இது ஒரு பக்கம். நல்ல கெப்பாசிட்டரே என்றாலும் ஆயுசுக்குக் கணக்கு உண்டு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று எழுதியிருந்தால், ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். 65 டிகிரியில் 32,000 மணி நேரம். தகரக் கூரைக்குக் கீழே, தூசி அடைத்த பெட்டிக்குள், இராப்பகலாக ஓடினால் நாலு வருஷம்கூட வராது. எங்கள் எடைமேடை எதையெல்லாம் தாண்டி வந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, டெஸ்டருக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியாமல் செத்தவனைக் காட்டிக் கொடுப்பதில்தான் இதன் அருமை. அந்த எடைமேடைப் போர்டில் சிபியு பக்கத்தில் ஒன்று மட்டும் உப்பியிருந்தது. மற்றதெல்லாம் புதுசு மாதிரி பளபளவென்று, தலை தட்டையாக. ரேம் சாக்கெட் ஓரத்தில் இருந்த 6.3 வோல்ட், 1500 மைக்ரோஃபேரட் ஒன்றைச் சும்மா கழற்றி வைத்துப் பார்த்தேன். முந்நூற்றுச் சொச்சம் மைக்ரோஃபேரட், ஈ.எஸ்.ஆர். ஒரு ஓமுக்கு மேல்! இருக்க வேண்டியது ஒரு ஓமில் நூறில் சில பங்குதான். உப்பியிருந்த ஆளைச் சோதித்தால் இன்னும் வேடிக்கை, எழுதியிருக்கிறதைவிட அதிக மைக்ரோஃபேரட் காட்டியது. வெறும் மல்டிமீட்டர் வைத்திருப்பவர் அதை நல்லது என்று திரும்பப் போட்டுவிடுவார். உள்ளே கசிவு இருந்தால் அளவு இப்படிப் பொய்யாக ஏறும். இந்த டெஸ்டர் அதே திரையில் வி-லாஸ் என்று, ஏற்றிய வோல்ட்டில் எவ்வளவு இழக்கிறது என்பதை ஒரு சதவீதமாகக் காட்டும், அது எகிறியிருந்தது. மூன்று எண்ணையும் சேர்த்துப் படித்தால் ஏமாற வழியில்லை. ஒரு சாப்பாட்டுக் காசுக்கு இந்த அறிவு கிடைக்கிறது. மார்க்கஸ் ஃபிரெயெக் என்ற ஜெர்மானியர் தொடங்கி, கார்ல்-ஹைன்ஸ் கூபெலர் வளர்த்த திறந்த வடிவமைப்பு இது. ஏடிமெகா328 சிப் ஒன்றை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

வணக்கம் முடிந்தது. இப்போது அந்த சாக்கெட்.

சின்ன லிவரைத் தூக்கி, காலைச் செருகி, லிவரை இறக்கினால் பிடித்துக்கொள்ளும் பச்சை சாக்கெட். படத்தில் பார்க்க அழகு. மதர்போர்டிலிருந்து கழற்றிய கெப்பாசிட்டரின் காலைப் பார்த்திருக்கிறீர்களா? ஃபேக்டரியில் போர்டின் பின்பக்கத்தோடு ஒட்ட வெட்டியிருப்பார்கள். போர்டின் தடிமன் 1.6 மில்லிமீட்டர், அதற்கு வெளியே கொஞ்சம் துருத்தியிருக்கும், அவ்வளவுதான் கால். அதுவும் நுனியில் ஈயம் உருண்டு மொத்தையாக. சாக்கெட்டின் உலோகம் ஓட்டையின் ஆழத்தில் இருக்கிறது, இந்தக் கட்டைக் கால் அங்கே எட்டவே எட்டாது. லிவரை இறக்கினால் கெப்பாசிட்டர் துள்ளி மேசைக்கு அடியில் போகும். விரலால் அமுக்கிக்கொண்டே இன்னொரு கையால் பட்டனை அழுத்தினால் திரையில் "பார்ட் இல்லை" என்று வரும், அல்லது ஏதோ ஒரு டையோடு படம் வரும். என் கையில் இருக்கிறது டையோடா?

வயர் போட்டு முதலைக் கிளிப் மாட்டிக்கொள் என்று எல்லாரும் சுலபமாகச் சொல்வார்கள். மாட்டினேன். இங்கேதான் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. நல்ல லோ-ஈ.எஸ்.ஆர். கெப்பாசிட்டர் 0.02 ஓம் காட்ட வேண்டும். இந்தக் கருவி பிரித்துக் காட்டுவதே 0.01 ஓம் வரைக்கும்தான். மலிவு வயரும் துருப்பிடித்த கிளிப்பும் சேர்ந்தால் அதுவே 0.1 ஓமைத் தாண்டும். நான் தேடுகிற எண்ணைவிட வயரின் எண் பெரியது. முனைகளை ஒட்டி வைத்து முதலில் வயரை அளந்து கழிக்கலாம், ஆனால் கிளிப் பிடிக்கிற இடம் மாறினால் கழிக்கிற எண்ணும் மாறும். செத்துப்போனதைக் கண்டுபிடிக்க இது போதும். சாகப்போகிறதைக் கண்டுபிடிக்கத்தான் நான் இதை வாங்கினேன்.

இப்போது நான் செய்வது, தடித்த செம்புக் கம்பியில் இரண்டு சின்னத் துண்டு வெட்டி, கெப்பாசிட்டரின் கட்டைக் காலோடு பற்றவைத்து, அந்தக் கம்பியைச் சாக்கெட்டில் செருகுவது. அளவு அருமையாக வருகிறது. பத்துக் கெப்பாசிட்டர் என்றால் இருபது காலுக்குக் கம்பி, அப்புறம் இருபது காலிலிருந்தும் கழற்றல். ஏற்கெனவே அந்தப் போர்டிலிருந்து அவற்றைப் பிடுங்குவதே ஒரு போராட்டம். போர்டுக்குள் இருக்கிற செம்பு எர்த் அடுக்கு சூட்டையெல்லாம் குடித்துவிடும். புது ஈயம் கொஞ்சம் சேர்த்து, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி, ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும். அதற்கு மேல் இந்த வேலையும்.

போர்டில் இருக்கும்போதே அளக்க முடியவில்லையே என்று சிலர் இந்தக் கருவியைத் திட்டுகிறார்கள். அது நியாயமில்லை. சிபியுவைச் சுற்றி இருப்பவை எல்லாம் பேரலலாக ஒன்றோடொன்று இணைந்தவை. ஒன்று செத்திருந்தாலும் பக்கத்தில் நல்லவன் இருந்தால் மீட்டருக்கு அவன் எண்தான் தெரியும். விலை கூடிய இன்-சர்க்யூட் மீட்டர் வாங்கினாலும் அந்த வரிசையில் இதே கதைதான்.

பேட்டரி பற்றி ஒரு வரி: 9 வோல்ட், பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைச் சரக்குப் போட்டால் சீக்கிரம் தீரும். இன்னொன்று, சாக்கெட்டில் வைப்பதற்கு முன் எந்தக் கெப்பாசிட்டரையும் மின்சாரம் இறக்கிவிட்டுத்தான் வைக்க வேண்டும். பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் அணைத்த பிறகும் நூற்றைம்பது வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். ரெசிஸ்டர் வைத்து இறக்காமல் கொண்டுவந்தால் சிப் அந்த நொடியே போய்விடும், அதற்கு முன் உங்கள் விரலுக்கும் கிடைக்கும்.

எனவே, வாங்கலாமா? வாங்காதீர்கள். இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் என்றால், இன்று மத்தியானம் முழுக்கக் கம்பித் துண்டு பற்றவைத்துக் கண் எரிகிறது, அதனால்தான். இந்தக் கருவி ஒரே ஒரு வேலைக்குக் கச்சிதம். ஜாலான் பாசார் கடைகளில் வாங்கிவந்த புதுக் கெப்பாசிட்டர் அசலா, உறை மாற்றிய போலியா என்று பார்க்கலாம், புதுசுக்குக் கால் நீளம், சாக்கெட் சுகமாகப் பிடிக்கும். கழற்றியதைச் சோதிக்க நாலு வயர் முறையில் 100 கிலோஹெர்ட்ஸில் அளக்கிற டிஇ-5000 போன்ற மீட்டர்தான் சரி. வயரின் தடை கணக்கில் வராது, கட்டைக் காலை இடுக்கிக்கொள்ளக் கிடுக்கி மாதிரி முனையும் உண்டு. விலைதான் பல மடங்கு. எடைமேடை வேலைக்கு அனுப்பின பில்லில் மில் கையெழுத்துப் போட்டதும் வாங்குவதாக இருக்கிறேன். அதுவரை இந்தப் பச்சை சாக்கெட்டோடுதான்.