வெளியூர்க் கிறுக்கனா, உள்ளூர்க் கிறுக்கனா?

நீங்கள் எழுதும் கதையில், கதாநாயகியின் வாழ்க்கையைப் புரட்டிப்போட ஒரு குறும்புக்காரக் காதலன் வேண்டும். கதை நடப்பது காவிரி டெல்டாவில். நாயகனின் வாழ்க்கையை மாற்றுவதற்காகவே கதைக்குள் வரும் கிறுக்குப் பெண்ணுக்கு, 2007-ல் அமெரிக்க சினிமா விமர்சகர் நேதன் ராபின் ‘மேனிக் பிக்ஸி ட்ரீம் கேர்ள்’ என்று பெயர் வைத்தாரே, அதன் ஆண் வடிவம்தான்.

வெளியூர்க்காரனை எழுதுவது சுலபம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்ததும் வருவான், குறுவை அறுப்போடு போய்விடுவான். கதைக்குக் கெடு சுமார் 110 நாள், கச்சிதம். ஆனால் அவனுக்கென்று கடன், அம்மா, காய்ச்சல் எதுவுமே இருக்காது. மூன்றாம் அத்தியாயத்திலேயே அவளுக்கு எழுதிக்கொடுத்த மருந்துச்சீட்டாகிவிடுவான்.

உள்ளூர்க்காரன் கஷ்டம். திருவையாற்று டீக்கடையில் எல்லோருக்கும் அவனைத் தெரியும். திடீர் வித்தைகள் எடுபடாது. அதனால் அவன் கிறுக்குக்கு ஒரு விலை வையுங்கள். முறைப்பாசனத்தில் அவன் வயலுக்குத் தண்ணீர் வரும் ராத்திரி. மடையைத் திறக்காமல் அவளோடு படித்துறையில் உட்கார்ந்துவிடுகிறான். விடிந்தால் காய்ந்த வயல் வெடிப்பு விட்டபடியே கிடக்கிறது, வரப்பில் அப்பா மண்வெட்டியோடு நிற்கிறார், ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து பஞ்ச் வசனம் இதற்கு ஈடாகாது.

என் ஓட்டு இவனுக்குத்தான். வெளியூர்க்காரனே வேண்டுமென்றால், அவள் இல்லாத காட்சி ஒன்றாவது கொடுங்கள்: கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் யாரிடமோ போனில் பணம் கேட்டுக் கெஞ்சட்டும், கையில் டிகிரி காபி ஆறிக்கொண்டிருக்க.