ஸ்பிட்ஃபயரா, மஸ்டாங்கா: ஒரே எஞ்சின், வேறு வேகம்

பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் 9ஆம் வகைக்கு (ஸ்பிட்ஃபயர் 9) உச்ச வேகம் மணிக்கு 404 மைல், அமெரிக்க மஸ்டாங்கின் டி வகைக்கு 437 மைல். இரண்டாம் உலகப்போர் விமானங்களைப் பற்றிய பேச்சில் இந்த இரண்டு எண்களும் ஜோடியாகவே வரும். 33 மைல் வித்தியாசம், மஸ்டாங்குக்கே வெற்றி என்று கணக்கை மூடிவிடுவார்கள். ஆனால் முதல் எண் 21,000 அடி உயரத்துக்கானது, இரண்டாவது 25,000 அடிக்கானது. மேலே போகப் போகக் காற்று மெலியும். எஞ்சின் அதே சக்தியைத் தரும்வரை வேகம் தானாகக் கூடும். அப்படியானால் 33 மைலில் விமானத்தின் வடிவம் சம்பாதித்தது எவ்வளவு, உயரம் தந்த சலுகை எவ்வளவு? இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது, 1944இல் பிரிட்டிஷ் விமானப்படையின் சோதனைப் பிரிவொன்று டிக்கு முந்தைய வகையான மஸ்டாங் 3ஐ ஸ்பிட்ஃபயர் 9 உடன் ஒப்பிட்டு எழுதிய அறிக்கை. இரண்டிலும் ரோல்ஸ்-ராய்ஸ் வடிவமைத்த மெர்லின் எஞ்சின்தான். மஸ்டாங்கில் இருந்தது அமெரிக்காவில் பேக்கார்ட் நிறுவனம் தயாரித்தது. எஞ்சினை ஒரே அளவில் ஓட்டினால் மஸ்டாங் எல்லா உயரத்திலும் 20 முதல் 30 மைல் முந்துகிறது என்றார்கள். தங்கள் அளவீடு இன்னும் உறுதிசெய்யப்படவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

சரி, இதைக் காற்றுத் தடையாக மாற்றிப் பார்ப்போம். தேவையான சக்தி, வேகத்தின் முப்படியாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 405 மைலிலிருந்து 425க்கோ 435க்கோ அதே சக்தியில் போக வேண்டுமென்றால், தடை 13 முதல் 19 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். அதுவும் 1,500 பவுண்டுக்கு மேல் கூடுதல் எடையோடு! உச்ச வேகத்தில் எடை அவ்வளவாக உறுத்தாது. மேலேறும்போதுதான் அதற்கு விலை கொடுக்க வேண்டும். அங்கே ஸ்பிட்ஃபயர்தான் முன்னால்.

அந்த லாபம் எங்கிருந்து வந்தது? காற்று கலங்காமல் வழுக்கிப்போகும் இறக்கை வடிவம் என்பதே வழக்கமான பதில். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். போர்க்களத்துத் தூசியும் பூச்சிகளும் ஒட்டிய இறக்கையில் அந்த வழுக்கல் நெடுந்தூரம் நீடிக்காது. வயிற்றுக்கடியில் பொருத்திய ரேடியேட்டர் குழாய், உள்ளே மடியும் வால் சக்கரம், முழுதாக மூடப்பட்ட சக்கரங்கள், கவனமாகப் பூசி வழவழப்பாக்கிய மேற்பரப்பு ஆகியவற்றுக்கே பெரும்பங்கு என்பது என் கணிப்பு.

மேற்பரப்பு என்றதும் இஎன் 946 என்ற ஸ்பிட்ஃபயர் 5 நினைவுக்கு வருகிறது. அதைச் சிறுசிறு திருத்தங்களால் 357 மைலிலிருந்து கிட்டத்தட்ட 386 வரை கொண்டுபோனார்கள். காற்று உள்ளிழுக்கும் வாயிலிருந்த பனித் தடுப்பைக் கழற்றியதில் 8 மைல், புகைக்குழாய்களை மாற்றியதில் 7, விரிசல்களை அடைத்துத் தேய்த்து மெருகேற்றியதில் 9, பின்பார்வைக் கண்ணாடியைச் சீர்செய்ததில் 3. இன்னும் ஒன்றிரண்டு சின்னத் திருத்தங்களையும் சேர்த்து மொத்தம் சுமார் 28 மைல். மஸ்டாங்குக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் இடையே சொல்லப்படும் அதே இடைவெளி! இதில் புகைக்குழாய் தந்தது உந்துவிசை. அதைத் தடைக் குறைப்பில் சேர்க்கக் கூடாது.

பொறுக்கியெடுத்துப் பளபளப்பாக்கிய விமானத்தையும் பட்டாளத்தில் உழைத்துத் தேய்ந்ததையும் ஒப்பிட்டால் எந்த முடிவையும் வரவழைக்கலாம். கருவிப் பிழை வேறு இருக்கிறது. 21,000 அடியில் வேகமானி 5 மைல் தவறினால் உண்மை வேகத்தில் அது 7 மைல். இரண்டையும் பக்கத்தில் பறக்கவிட்டால் இந்தப் பிழை பெரும்பாலும் அடிபட்டுப்போகும், விமானத்தின் தேய்மானம் அடிபடாது.

ஆகவே 20 மைல் வித்தியாசத்தை நான் ஏற்பேன். 8 மைலை ஏற்கமாட்டேன். 1942 ஜூன் 23 அன்று ஜெர்மன் விமானி ஆர்மின் ஃபாபர் வழிதவறி வேல்ஸில் இறக்கிய ஃபோக்கவுல்ஃப் 190 போர் விமானத்தை ஸ்பிட்ஃபயர் 9 உடன் பறக்கவிட்டபோது, 2,000 அடியில் ஜெர்மன் விமானம் 7, 8 மைல் கூடுதல். 8,000 அடியில் ஸ்பிட்ஃபயர் 8 மைல் கூடுதல். 21,000 அடியில் சமம். சோதனை முழுக்க அந்த ஜெர்மன் எஞ்சின் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. இதை வைத்து எது வேகம் என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். இஎன் 946இல் ஒரு பனித் தடுப்பைக் கழற்றியதற்கே 8 மைல் கிடைத்தது.