பார்ட்ஸ்டவுனில் வீடு, வேன், டிரைவர் எல்லாம் சேர்த்துத் தருகிறோம் என்றால் நம்பிப் பணம் கட்டாதீர்கள்

1,180 டாலர் போச்சு. "உங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது" என்று, பணத்தைத் திருப்பிக் கேட்ட எங்களுக்கு, பேக்கேஜ் விற்ற பயணத் தளத்திலிருந்து நேற்றிரவு ஒரு வரியில் மெயில் அனுப்பிவிட்டார்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக்குப் பர்பன் (சோளத்தில் செய்யும் அமெரிக்க விஸ்கி) தயாரிப்பதைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள், அதிலும் லூயிவில் நகரத்தில் தங்குவதா, பார்ட்ஸ்டவுனில் தங்குவதா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

டாலஸிலிருந்து நான், மனைவி, கோவையிலிருந்து வந்திருந்த மச்சான், அவன் மனைவி. மச்சானுக்கு விஸ்கி தயாரிப்பில் அப்படி ஒரு ஆர்வம். 1996 நவம்பரில் பார்ட்ஸ்டவுனில் ஹெவன் ஹில் என்ற பர்பன் நிறுவனத்தின் கிடங்குகள் தீப்பற்றி எரிந்த கதையை அவன்தான் எங்களுக்குச் சொன்னான். "அத்தான், பார்ட்ஸ்டவுன்லயே தங்கிடலாம். வில்லெட் பக்கத்துல, மேக்கர்ஸ் மார்க் அரை மணி நேரம், ஜிம் பீமும் தூரமில்ல" என்று டிஸ்டில்லரிகளை (விஸ்கி தயாரிக்கும் ஆலைகளை) அடுக்கினான். அவன் சொன்னது சரிதான். லூயிவில்லில் மெயின் ஸ்ட்ரீட்டிலேயே ஓல்ட் ஃபாரஸ்டர், எவன் வில்லியம்ஸ், மிக்டர்ஸ் டிஸ்டில்லரிகள் எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. ஆனால் சோளக்காடும், மலைச்சரிவில் நிற்கும் பீப்பாய்க் கிடங்கும் பார்க்க வேண்டுமானால் 40 மைல் தெற்கே போகத்தான் வேண்டும். அங்கே ஒவ்வொரு டிஸ்டில்லரிக்கும் வண்டி வேண்டும். ருசி பார்த்துவிட்டு எங்களில் யார் ஓட்டுவது?

இதைத்தான் அந்தப் பயண பேக்கேஜ் தளத்தின் ஏஜெண்டிடம் போனில் கேட்டேன். "அதற்குத்தான் எங்கள் டிரைவர் இருக்கிறாரே, ஏர்போர்ட்டிலிருந்தே கூட்டிப் போவார்" என்றார். லூயிவில்லில் தங்கினால் தினமும் போக வர ஒன்றரை மணி நேரம் ரோட்டிலேயே போய்விடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதோடு விட்டாரா? "உங்கள் மனைவி சைவம் என்றீர்களே, அந்த வீட்டில் முழுச் சமையலறை இருக்கிறது, அரிசி வாங்கி வைக்கச் சொல்கிறேன்" என்றார். முன்பின் தெரியாத ஒரு ஆள் என் வீட்டுக்காரியின் சாப்பாட்டை நினைவில் வைத்துப் பேசுகிறார் என்று மனசு இளகிவிட்டது. அந்த நிமிடமே கார்டு நம்பரைச் சொன்னேன். 1,180 டாலர், முழுப் பணமும் முன்கூட்டியே.

லூயிவில் ஏர்போர்ட்டில் வேன் இல்லை. "டிரைவர் வந்துகொண்டிருக்கிறார்" என்றார்கள். பிறகு போனை யாரும் எடுக்கவில்லை. சொந்தக் காசில் டாக்ஸி பிடித்துப் போனால், ஊரைத் தாண்டி இருட்டில் ஒரு கவுண்டி ரோடு. கதவுக்குக் கொடுத்த எண் வேலை செய்யவில்லை. உள்ளே வேறு குடும்பம். வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டபோது அவர் சொன்னதுதான் வயிற்றைக் கலக்கியது: அந்த நிறுவனமே போன வாரம் புக்கிங்கை ரத்து செய்து பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதாம்! எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நேரத்தில் டாக்ஸி ஆப்பில் ஒரு கார்கூடக் காட்டவில்லை. பாவம், அந்த அம்மாவே வந்து எங்களை ஒரு மோட்டலில் இறக்கிவிட்டார்.

மறுநாள் காலை மேக்கர்ஸ் மார்க் டூர். அது இருக்கும் லொரெட்டோ ஊர் வரை போக வண்டி கிடைக்கவே இல்லை, நேரம் கடந்துபோனது. பாட்டிலைச் சிவப்பு மெழுகில் தானே முக்கி எடுக்க வேண்டும் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த மச்சான், ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அவன் ஊருக்குத் திரும்பிவிட்டான். இனி எப்போது வருவானோ.

அந்தத் தளத்தோடு பேசியதை நினைத்தால் இன்னும் கொதிக்கிறது. முதலில் "உங்கள் பொறுமைக்கு நன்றி". அப்புறம் "வீட்டு உரிமையாளரைக் கேளுங்கள்". உரிமையாளர் அனுப்பிய ரத்து மெயிலைக் காட்டினால், "அது வேறு பிரிவு". பிறகு அடுத்த பயணத்துக்கு 150 டாலர் கூப்பன் தருகிறார்களாம். 1,180 டாலரை வாங்கிக்கொண்டு கூப்பன்! அரிசி வாங்கி வைக்கிறேன் என்ற அந்த ஏஜெண்ட் இப்போது அங்கே வேலையில் இல்லையாம். கடைசியாக, நாங்கள்தான் வரவில்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

எந்த ஊர் யாருக்குச் சரிப்படும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் சொல்கிறேன். குடிக்காமல் ஓட்ட உங்களோடு ஒருவர் இல்லையென்றால் லூயிவில்லிலேயே தங்குங்கள். பார்ட்ஸ்டவுன்தான் என்றால் கிளம்புவதற்கு முன் வீட்டுக்காரரையும் டிரைவரையும் நீங்களே கூப்பிட்டு உறுதி செய்யுங்கள், இடையில் இருப்பவர் பேச்சு வேண்டாம். மே முதல் சனிக்கிழமை லூயிவில்லில் டெர்பி குதிரைப் பந்தயம், செப்டம்பரில் பார்ட்ஸ்டவுன் பர்பன் விழா, அப்போது கடைசி நேரத்தில் மாற்று அறை தேடுவது ரொம்பக் கஷ்டம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ஸ்டேட்மென்ட் வந்து 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

நான் இன்று காலை அனுப்பிவிட்டேன், ரத்து மெயிலையும் இணைத்து. கென்டக்கி அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கும் ஒரு புகார் போகிறது. இதே மாதிரி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள், சேர்த்தே அனுப்பலாம்.