சர்க்கரை சென்சாரும் என் தோலும்

டைப் 1 சர்க்கரைக்காக, மேல்கையின் பின்பக்கம் ஒட்டி ரத்தச் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரைச் சில வருடங்களாகப் போட்டுவருகிறேன். விரலைக் குத்துவது வெகுவாகக் குறைந்தது. ராத்திரி சர்க்கரை இறங்கினால் எழுப்பிவிடுகிறது. அந்தப் பெருமையைப் பலர் எழுதியாகிவிட்டது. எனக்குத் தோலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதல் பல மாதங்கள் பெரிதாக ஒன்றுமில்லை. சென்னை வெயிலில் வேர்த்தால் ஓரம் அரிக்கும், கழற்றினால் ஓரிரு நாளில் அடங்கும். அது வெறும் எரிச்சல். அப்புறம் வந்தது வேறு ரகம். சென்சார் இருந்த வட்டம் அச்சுக் குத்தினாற்போல் சிவந்து தடித்து, பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம். அடுத்த கையில் புதிது ஒட்டினால், ஆறிப்போன பழைய இடமும் சேர்ந்து அரித்தது. தோல் டாக்டர் அதைக் கேட்டதுமே இது ஒவ்வாமை என்றார். உடம்பு ஒரு பொருளைப் பழகப் பழகத்தான் எதிர்க்கத் தொடங்குமாம்.

பசையைத்தான் எல்லோரும் திட்டுவோம். ஆனால் 2017இல் பெல்ஜியம், ஸ்வீடன் மருத்துவர்கள் கண்டுபிடித்தது, சென்சாரின் பிளாஸ்டிக் கூட்டிலிருந்து கசியும் ஐசோபார்னைல் அக்ரிலேட் என்ற ரசாயனத்தை. 2020இல் அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் அதையே ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. எது ஒவ்வாது என்று பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்டின் வழக்கமான வரிசையில் இது பெரும்பாலும் இருக்காது. கேட்டு வைக்கச் சொல்ல வேண்டும். முதுகில் ஒட்டி இரண்டு நாள் குளிக்காமல் இருப்பது தனிக் கொடுமை. பிரித்ததும் ஒருமுறை, சில நாள் கழித்து மறுபடி ஒருமுறை பார்ப்பார்கள். எனக்கு அந்த ரசாயனம் வைத்த இடம்தான் தடித்தது.

தோலுக்கும் சென்சாருக்கும் நடுவே பலவும் போட்டுப் பார்த்தேன். தோல்மேல் மெல்லிய படலம் போடும் பேரியர் ஸ்ப்ரே எரிச்சலுக்குச் சரி, ஒவ்வாமைக்குப் போதவில்லை. புண்ணுக்குப் போடும் ஜெல் மாதிரியான ஹைட்ரோகொலாய்டு ஷீட் ஒட்டி அதன்மேல் சென்சார் வைத்தபோது முதல் வாரம் நிம்மதி, இரண்டாவது வாரம் அரிப்பு வந்துவிட்டது. ஸ்டீராய்டு ஆயின்மென்ட் புண்ணை ஆற்றும், ஆனால் அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தடவினால் தோல் மெலியும் என்று டாக்டர் அதிகம் அனுமதிக்கவில்லை. கழற்றும்போது தேங்காய் எண்ணெய் ஊறவிட்டு உரிப்பது மட்டும் இன்றுவரை தொடர்கிறது.

கடைசியில் அந்தப் பொருள் சேராத வேறு சென்சாருக்கு மாறினேன். விலை கூடுதல், தோல் சுத்தம். ஒரே பெயரில் வரும் புது மாடலிலும் உள்ளே இருக்கும் பொருள் மாறியிருக்கலாம் என்பதால், வாங்கும்முன் கம்பெனிக்கு மெயில் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன். டப்பாவில் இதெல்லாம் அச்சடிப்பதில்லை.